பிள்ளையார் வயிற்றுக்குள் மாமாவின் மாத்திரைகள்

1

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மார்ஃபின் என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டால் அந்த ஆளுக்கு இன்னும் மூன்று நாள்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஏதோ அரைகுறையாக நம்பவில்லை. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பதை நம்புகிற மாதிரி நம்பினேன். டிப்ளமோ படித்தவன், ஐம்பத்திரண்டு வயது, இருபத்துமூன்று வருடமாக ஜெர்மனியில் குப்பையை நாலு டப்பாவாகப் பிரித்துப் போடுகிறவன். இருந்தும் நம்பினேன்.

இப்போது இதை எழுத வைத்தது ஒரு படிவம். போன வாரம் எனக்கு ஒரு சின்ன ஆபரேஷன், குடலிறக்கம். அதற்கு முன்னால் மயக்க மருந்துப் பிரிவிலிருந்து எட்டுப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா, ஆடுகிற பல் உண்டா, தாத்தாவுக்கு மயக்க மருந்து ஒத்துக்கொண்டதா. என் தாத்தா தலைவலித் தைலம் தவிர வேறு மருந்தைக் கண்டவரில்லை. ஏழாவது பக்கத்தில் ஒரு கேள்வி: மயக்க மருந்து பற்றியோ வலி மருந்து பற்றியோ உங்களுக்கு ஏதாவது பயம் உண்டா? பதிலுக்கு மூன்று கோடு விட்டிருந்தார்கள்.

மூன்று கோட்டில் அடங்காது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் வேலை பல் செய்வது. விருத்தாசலத்தில் செராமிக் படித்தேன். என்னோடு படித்தவர்கள் ப்யூஸ் கேரியரும் வாஷ்பேசினும் செய்யப் போனார்கள். நான் இங்கே ஒரு சின்ன ஊரில், பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, வெள்ளைக்காரர்கள் வாய்க்குள் போகிற பீங்கான் பல்லைச் சுட்டுக் கொடுக்கிறேன். என் சூளை மேசை மேல் உட்காரும், பெரிய டிபன் கேரியர் உயரம். அதை வீடியோவில் பார்த்த நாள் முதல் மாமா என்னைச் 'சமையலறை சூளைக்காரன்' என்றுதான் கூப்பிடுவார்.

மாமா என்றால் என் அக்கா வசந்தாவின் வீட்டுக்காரர், கலியபெருமாள். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சூளை பார்க்கிறவர். ஆளுயரச் சூளையின் பக்கவாட்டு ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து, உள்ளே எரிகிற நிறத்தைப் பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்வார். மீட்டர் வந்த பிறகும் அவர் சொன்னதைத்தான் முதலாளி கேட்பார். அப்பா போனபோது எனக்குப் பதினேழு வயது. என்னைக் காலேஜில் சேர்த்தவர், முதல் பேன்ட் தைத்துக் கொடுத்தவர், வெளிநாடு போகிறேன் என்றபோது மீனம்பாக்கத்துக்கு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, கை ஆட்டாமல், பேன்ட் ஜிப்பைப் போடு என்று சைகை காட்டியவர். இப்படிப்பட்ட ஆள்.

அவருக்குக் கணையத்தில் கட்டி. அறுத்தெடுக்க முடியாத இடம். கீமோ இரண்டு முறை கொடுத்துப் பார்த்து, உடம்பு தாங்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதுவரை எனக்குத் தெரியும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கூப்பிட்டது. வலிக்கு என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறதாம், பேலியேட்டிவ் என்கிறார்களாம், நர்ஸம்மா ஸ்கூட்டியில் வூட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனாங்களாம், மார்பின் மாத்திரை கொடுத்திருக்காங்களாம்.

பேலியேட்டிவ் என்றால் டாக்டர்கள் நாசூக்காகக் கைகழுவுவது என்று எனக்குத் தெரியும். மார்ஃபினைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நான் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே கூட வேலை செய்கிற பெண், வயிறு சரியில்லையா, கருப்புத் தேநீர் போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று முழுக்கக் கருப்புத் தேநீர் குடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மாமாவுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். என் ஆயுளில் நான் செய்த பெரிய தப்பு அந்த ஆடியோதான். அரை நிமிடம்கூட வராது.

"மாமா, அந்த மாத்திரைய இப்பத் தொடாதீங்க. அது கடசி மருந்து. ரொம்பவே தாங்க முடியலன்னா மட்டும் ஒண்ணே ஒண்ணு போடுங்க."

உடனே பதில் வந்தது. "நானும் அதத்தான் நெனச்சேன் மச்சான். எடுத்ததுமே பெரிய தீய வுட்டா சாமான் வெடிச்சிடும். பெரிய தீய கடசிக்கு வச்சிக்கணும். ஒங்க அக்காகிட்ட சொல்லாத, அவ நர்ஸம்மாகிட்ட போட்டுக் குடுத்துடுவா."

இரண்டு செராமிக் மேதைகள் சேர்ந்து புற்றுநோய் வைத்தியம் பார்த்தது இப்படித்தான்.

என் மகளுக்குப் பதினாறு வயது. பெயர் மட்டும் தமிழினி. தமிழை அவள் உப்பு மாதிரி, தேவையான அளவு மட்டும் போடுவாள். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு வாரம் எங்காவது போய் வேலை பழக வேண்டும். அவள் வகுப்புப் பிள்ளைகள் வங்கிக்கும் வானொலி நிலையத்துக்கும் போனபோது, இவள் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்துக்குப் போனாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஊரில் கேட்டவர்களிடம் ஓட்டல் மேனேஜ்மென்ட் பழகுகிறாள் என்று சொல்லிவைத்தேன்.

நான் ஆடியோ அனுப்பியதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா, நீ சொல்றது தப்பு. அங்க எல்லாரும் அந்த மருந்து எடுக்குறாங்க. எடுத்துட்டு ஐஸ்கிரீம் சாப்டுறாங்க, என்கூட சீட்டு ஆடுறாங்க" என்றாள்.

ஜெர்மன்காரர்கள் உடம்பு வேறு, நம்ம உடம்பு வேறு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். சத்தமாகச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

3

மூன்று நாள் ஆயிற்று. மாமா இருந்தார். ஒரு வாரம், இரண்டு வாரம். பார்த்தாயா, மாத்திரையைத் தொடாததால்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே முதுகைத் தட்டிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அக்கா கூப்பிட்டபோது அதன் குரலே வேறாக இருந்தது. மாமா படுக்கிறதில்லை. படுத்தால் வலி முதுகைத் துளைக்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தில் தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்தபடியே உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தும் கேட்கவில்லை. அதனால் புதுச்சேரிப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நான் கேட்டேன், என்ன ஆபரேஷன்? அக்கா சொன்னது, ஆபரேஷன் எதுவுமில்லை.

இதை நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆபரேஷன் இல்லாமல் மயக்க டாக்டர் எதற்கு? எனக்குத் தெரிந்து ஒரே பதில்தான் இருந்தது. தூங்க வைப்பார்கள், எழுப்ப மாட்டார்கள். அக்காவிடம் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதே, நான் வருகிறேன் என்றேன்.

மறுநாள் லீவு கேட்டேன். இங்கே குடும்பத்தில் சாவுக்கும் கடும் நோய்க்கும் தனி லீவு உண்டு, யார் யாருக்கு என்று பட்டியலும் உண்டு. ஆபீஸ் பார்க்கிற உல்ரிக்கே என்ற அம்மா பட்டியலில் விரலை மேலிருந்து கீழே இறக்கினாள். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை. உங்கள் அக்கா கணவர் இதில் வரமாட்டார், அவர் உங்களுக்குச் சொந்தமே இல்லை என்றாள், ரொம்ப அன்பாக. மாமா என்றால் என்ன என்று கால்மணி நேரம் விளக்கினேன். படிக்க வைத்ததைச் சொன்னேன், பேன்ட் தைத்ததைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருட லீவிலிருந்து மூன்று வாரம் கழித்துக்கொண்டாள்.

பெட்டியில் ஒரு வெள்ளை வேட்டி எடுத்து வைத்தேன். என் பெண்டாட்டி பார்த்தாள், அதை எடுத்து மறுபடி மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். விமானத்தில் இன்னும் கேவலமான காரியம் ஒன்று செய்தேன். நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆள் போன ஒரு மணி நேரத்துக்குள் பிளெக்ஸ்காரன் போட்டோ கேட்டு நிற்பான். கடைசி நேரத்தில் தேடினால் ரேஷன் கார்டு போட்டோதான் கிடைக்கும், திருடன் மாதிரி இருக்கும். அதனால் என் போனில் இருந்த கல்யாணப் படங்களில் மாமா சிரிக்கிற ஒன்றைத் தேடி, பக்கத்தில் நின்ற என்னையும் அக்காவையும் வெட்டி, அவரை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர், உங்கள் அப்பாவா, அழகாகச் சிரிக்கிறார் என்றார்.

4

சென்னையிலிருந்து கார். உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் டிரைவர் என் பெட்டியைக் கண்ணாடியில் பார்த்து, சவுதியா துபாயா என்று கேட்டார். மங்கலம்பேட்டை வழியாகப் பெட்டியோடு போகிறவன் வேறு எங்கிருந்து வருவான்? ஜெர்மனி, பல் செய்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குள் போனதும் முதலில் மாமாவின் முதுகுதான் தெரிந்தது. நாற்காலியைக் கட்டிப்பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் ஆள் பாதியாகியிருந்தார். தலையைத் திருப்பாமலே, "வா மச்சான், வேட்டி எடுத்தாந்தியா" என்றார்.

யாருக்கு என்று கேட்டேன். "ஒனக்குத்தான். இந்த வெயில்ல கால்சட்டையோட எப்டி இருப்ப" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலம், தமிழினியின் போட்டோவைக் காட்டு என்று என் போனை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போன மாமா ஒன்றில் நின்றுவிட்டார். வெட்டின படம். நான் பிடுங்கப் போனேன், கொடுக்கவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கழுத்தோட வெட்டிட்டியே மச்சான். கீழ கொஞ்சம் வுடு. மாலை போட எடம் வேணாமா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் வலி பிடித்துக்கொண்டது. அந்த வலியை அப்போதுதான் நான் நேரில் பார்த்தேன். முகம் மாறவில்லை, சத்தம் வரவில்லை. நாற்காலிச் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்தன. ரொம்ப நேரம் வெளுப்பாகவே இருந்தன. என்ன செய்கிறது என்றால், "பரவால்ல" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அலமாரிப் பக்கம் திரும்பினேன். அங்கே அவர் சூளையில் வெந்த பீங்கான் பிள்ளையார் இருந்தார், ஒரு முழ உயரம். அச்சில் களிமண் கூழை ஊற்றி வார்த்தது. உள்ளே வெறும் கூடு, அடியில் ஒரு ஓட்டை. கை சும்மா இருக்காமல் தூக்கினேன். பிள்ளையார் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போட்டார்.

கவிழ்த்தேன். வெள்ளை மாத்திரைகள், உள்ளங்கை கொள்ளாமல் தரையில் உருண்டன.

அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தது. மாத்திரையைப் பார்த்தது, மாமாவைப் பார்த்தது. மூன்று வாரமாக வேளை தவறாமல் தண்ணியோடு கொண்டுவந்து கொடுத்த கை அது. திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. "நான் குடுக்குறத ஏன் இப்டிப் பண்ணாரு, நான் என்ன பண்ணேன்" என்று என்னைக் கேட்டது.

மாமா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "எனக்குத்தான் வேணாம்னு தோணிச்சு" என்றார்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மாத்திரைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

5

மறுநாள் காலை நர்ஸ் வந்தார்கள். ஜெசிந்தா என்று பெயர், நாற்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அக்கா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டது. அவர்கள் கோபப்படவில்லை, பிள்ளையாரைத் தூக்கி அடி ஓட்டையைப் பார்த்து, இதில் சுண்டுவிரலே போகாதே, எப்படிப் போட்டீங்க என்று ஆச்சரியப்பட்டார்கள். பிறகு மாமாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் கவிழ்ந்திருக்கிற அவர் முகத்தைப் பார்க்க முடியும்.

வலி பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவில் எவ்வளவு என்று கேட்டார்கள். மாமா வழக்கம்போலப் பரவால்லீங்க என்றார்.

"பரவால்லன்னு ஒரு நம்பரு இல்லீங்கப்பா."

அப்புறம் மாமா, எட்டு என்றார். அக்காவிடம் இத்தனை நாளும் மூன்று என்று சொல்லியிருக்கிறார்.

ஏன் போடவில்லை என்றார்கள். மாமா சூளைக் கணக்கைச் சொன்னார். பெரிய தீயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற கதை. நர்ஸம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்கள். கேட்டுவிட்டு, சரி, சூடு ஏற வேண்டிய அளவுக்கு ஏறின பிறகு என்ன செய்வீங்க என்றார்கள்.

"அதே சூட்டுல புடிச்சி வைக்கணும். மணிக்கணக்கா. அப்பத்தான் உள்ள வரைக்கும் வேவும்."

"நடுவுல அணைச்சி அணைச்சி ஏத்துனா?"

"விரிசல் வுட்டுடும்" என்று சொன்ன மாமா, அதோடு நிறுத்திக்கொண்டார்.

அப்புறம்தான் நர்ஸம்மா விளக்கினார்கள், எனக்கும் சேர்த்து. இந்த மாத்திரை நாலு மணி நேரம் வேலை செய்யும். வலி வந்த பிறகு போட்டால் துரத்திக்கொண்டே ஓட வேண்டும், வருவதற்கு முன்னால் போட்டால் அது தலை தூக்காது. கடைசிக்கு என்று சேர்த்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. வலி கூடினால் டாக்டர் மருந்தையும் கூட்டுவார், இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று முட்டுகிற சுவர் எதுவும் கிடையாது. அளவறிந்து கொடுத்தால் மூச்சை நிறுத்தாது, ஆயுளைக் குறைக்காது. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம். அதற்கும் கூடவே சிரப் இருக்கிறது, அதையும் பிள்ளையாருக்குக் கொடுத்துவிடாதீங்க.

நான் ஒரு மூலையில் நின்றுகொண்டு, அப்படியென்றால் எங்கப்பா ஏன் செத்தார் என்று கேட்டேன். நான் கேட்க நினைத்தது அதுவல்ல. வாயிலிருந்து அதுதான் வந்தது.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. அந்தக் காலத்தில் இந்த ஊரில் வலிக்கு என்று யாரும் இல்லை. கடைசி இரண்டு மாதம் அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் ரேடியோவைப் பெரிதாக வைத்தார்கள், எங்கள் மேல் இருந்த அன்பால்தான். கேட்காத மாதிரி இருக்க வேண்டும் இல்லையா. கடைசியில் யாரையோ பிடித்து, எங்கிருந்தோ ஒரு ஊசி வரவழைத்துப் போட்டார்கள். சத்தம் நின்றது. மறுநாள் அப்பா போய்விட்டார். பதினேழு வயதில் நான் போட்ட கணக்கு அது. அதைத்தான் ஐம்பத்திரண்டு வயது வரை சரி பார்க்காமல் வைத்திருந்தேன்.

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார்கள். "ஊசி போட்டதால அவரு போவல அண்ணே. அவரு போற நேரத்துலதான் அந்த ஊசியே வந்திருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கணும்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு வழியில்லை. மாத்திரையைத் தொடாதீங்க என்று மாமாவிடம் சொன்னது நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன். ஆடியோ அனுப்பியதைச் சொன்னேன். அக்கா என்னை அடிக்கும் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் தேவலை. "ஜெர்மனில இருந்து ஒனக்கு இதுதான் தெரிஞ்சிதாடா" என்றது. அவ்வளவுதான். மாமா மட்டும், "வுடு வசந்தா, பல்லுக்கட்டுற பையன்கிட்ட வைத்தியம் கேட்டது என் தப்பு" என்றார்.

காலை மாத்திரையை நர்ஸம்மா முன்னாலேயே விழுங்கினார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார்.

6

ஒரு வாரம் மணி தவறாமல் போட்டார். வலி எட்டிலிருந்து நாலுக்கு இறங்கியது. சாப்பிட்டார், பேப்பர் படித்தார், எஸ்டேட்டிலிருந்து வந்தவர்களிடம் முதலாளியைக் கிண்டல் பண்ணினார். ஆனால் மல்லாந்து படுக்க மட்டும் முடியவில்லை. அவர் வேறு எதையும் கேட்கவில்லை, அதை மட்டும்தான் கேட்டார். "ஒரு நாளு காலை நீட்டி, முதுவு தரையில படுற மாதிரி படுத்தாப் போதும்." நாற்காலியிலேயே தூங்கித் தூங்கிக் கால் இரண்டும் வீங்கியிருந்தது.

அதனால் மயக்க டாக்டரிடம் போனோம். டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடப் பத்துப் பதினைந்து வயதுதான் கூட இருக்கும். நான் சட்டைப்பையில் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன்.

ஆபரேஷன் எப்ப டாக்டர் என்றேன்.

"ஆபரேஷன் இல்லீங்க."

"அப்ப மயக்கம் எதுக்கு?"

"மயக்கமும் இல்லீங்க. அவரு முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பாரு."

"அப்ப நீங்க எதுக்கு?"

"வலிக்கு" என்றார்.

மயக்க மருந்து படித்தவர்கள்தான் வலிக்கும் டாக்டர்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. நரம்பு எந்த வழியாகப் போகிறது, எதை எங்கே மரத்துப் போகச் செய்யலாம் என்பதுதானே அவர்கள் தொழில். வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஒரு நரம்புக் கொத்து இருக்கிறதாம். கணையத்து வலியெல்லாம் அதன் வழியாகத்தான் மூளைக்குப் போகிறதாம். ஸ்கேனில் ஊசிமுனை போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிசான ஊசியை முதுகு வழியாக அந்த இடம் வரை செலுத்தி, மருந்து விட்டு அந்த நரம்பை முடக்குவார்கள். முன்பெல்லாம் தடவிப் பார்த்துக் குத்துமதிப்பாகச் செய்தார்களாம், இப்போது கண்ணால் பார்த்துச் செய்கிறார்கள். கட்டி அங்கேயேதான் இருக்கும், அதை நான் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று டாக்டரம்மா மாமாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, மாமா கேட்டார். மாதக் கணக்கு என்றார், வருடக் கணக்கு இல்லை. மாமா தலையாட்டினார். நிறம் பார்த்துச் சூடு சொல்கிற மனுஷனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை போலிருந்தது.

அது என்ன மருந்து என்று கேட்டார். ஆல்கஹால், சுத்தமான சாராயச் சத்து என்றார் டாக்டரம்மா.

மாமா அக்காவைப் பார்த்தார். கல்யாணத்தன்று மாமனார் வீட்டில் வாங்கின சத்தியத்தைக் காப்பாற்றி ஒரு சொட்டு தொடாத மனுஷன் அவர். "இது கணக்குல வராது வசந்தா. வாயால குடிக்கல" என்றார். அக்கா, நான் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தது.

ஊசிக்கு உள்ளே கூட்டிப் போனபோது நான் வெளியே நின்றேன். என் யோக்கியதை இதுதான்: ஊசி குத்திக்கொள்ளப் போகிறவர் நடந்து போனார், வெளியே நின்ற எனக்குத் தலை சுற்றி, ஒரு ஆயாம்மா என்னைப் பெஞ்சில் படுக்க வைத்து நிலக்கடலை மிட்டாய் கொடுத்தார்கள். மாமா ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தபோது மிட்டாய் வாயில் இருந்தது. யாருக்கு ஊசி போட்டாங்க, ஒனக்கா என்று கேட்டார்.

இரண்டு நாள் ரத்த அழுத்தம் இறங்கியது, வயிறு தண்ணியாகப் போயிற்று. மாத்திரை அடைத்ததை ஊசி திறந்துவிட்டது என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை இட்லி வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் ஆள் காலை நீட்டி மல்லாந்து கிடந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் இட்லியைக் கீழே போட்டுவிட்டு நர்ஸ், நர்ஸ் என்று ஓடினேன். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அந்தக் கூச்சலில் மாமா கண்ணைத் திறந்தார்.

"தூங்க வுடுடா டேய்" என்றார். என்னை 'டா' போட்டு அவர் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

7

மூன்று வாரம் முடிந்து நான் திரும்பிவிட்டேன். மாத்திரையைக் குறைத்தார்கள், நிறுத்தவில்லை. நர்ஸம்மா வாராவாரம் வந்தார்கள். மாமா வாரத்தில் இரண்டு நாள் எஸ்டேட்டுக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலை செய்கிறவர்களுக்குத் தொல்லை கொடுத்தார். பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து இரண்டு வாய் பாயசம் சாப்பிட்டார், மாத்திரை டப்பாவை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

நான் எதிர்பார்க்காதது தமிழினி. சனிக்கிழமைதோறும் அவளே மாமாவுக்கு வீடியோ போட ஆரம்பித்தாள். என்ன பேசினார்கள் என்று முழுசாகத் தெரியாது. நான் போனால் இரண்டு பேரும் நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை கதவருகே நின்று கேட்டேன். பயமா இருக்கா மாமா என்று இவள் கேட்கிறாள், தன் அரைத் தமிழில், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி. என்னால் ஐம்பது வருடத்தில் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. சாயங்காலத்தில் கொஞ்சம் இருக்கு, காலையில் இல்லை என்கிறார் அவர். அப்ப சாயங்காலம் கால் பண்றேன் என்றாள் இவள். அதற்கப்புறம் சனிக்கிழமையை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்து மதிய இடைவேளையில் கூப்பிட ஆரம்பித்தாள், ஊரில் அப்போது சாயங்காலம்.

எங்களைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அவளைப் பற்றி இந்தப் பத்திரிகையிலேயே முன்பு ஒருமுறை எழுதிப் புலம்பியிருக்கிறேன். அவள் எங்கும் போகவில்லை. நான் போகப் பயந்த இடங்களுக்குத்தான் போயிருக்கிறாள். ஊரில் கேட்டவர்களுக்கு இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன், அது ஓட்டல் இல்லை என்று.

முதல் மாத்திரை வந்த நாளிலிருந்து மாமா எட்டு மாதம் இருந்தார். ஒரு வியாழக்கிழமை ரசம் சாதம் சாப்பிட்டு, பன்னிரண்டு மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கூடத்தில் பாயை விரித்து மல்லாந்து படுத்தார். நல்லாத் தூங்குகிறார் என்று அக்கா எழுப்பவில்லை. நாலு மணி மாத்திரையும் தண்ணியும் எடுத்துக்கொண்டு போனபோதுதான் அதற்குத் தெரிந்தது.